தெற்கு எழுந்தது எப்போது? ஸ்கார்ஃபேஸின் வாழ்க்கையை முன்வைத்து ஒரு விவாதம்

#1 அடித்தாளம்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வளர்ந்த ஹிப்-ஹாப்பின் கதையை யார் சொன்னாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 1995 ஆகஸ்ட் 3, நியூயார்க், மாடிசன் ஸ்கொயர் கார்டனின் பாரமவுண்ட் அரங்கம், ஹிப்-ஹாப் இதழான சோர்ஸின் விருது விழா. அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையருக்குச் சிறந்த புதிய குழு விருது அறிவிக்கப்படுகிறது. அரங்கம் கூச்சலிட்டு எதிர்க்கிறது. இரட்டையரில் ஒருவரான ஆந்த்ரே ஒலிவாங்கிக்கு முன் நின்று, தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். அன்றோடு வாசல் திறந்தது, தெற்கு உள்ளே நுழைந்தது என்று கதை முடிகிறது.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாசலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்த கதை இது. வெளியே இருந்தவர்கள் அதற்கு முன் பல ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை இது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மூத்த கலைஞரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். என் தேர்வு டெக்சஸின் ஹூஸ்டனைச் சேர்ந்த ராப் பாடகர் ஸ்கார்ஃபேஸ்.

இயற்பெயர் பிராட் ஜோர்டன், 1970-இல் பிறந்தவர். 2015-இல் தன் வாழ்க்கையை நூலாக எழுதியபோது துணைத்தலைப்பிலேயே ‘தெற்கத்திய ராப்பின் வேர்கள்’ என்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டார். அது தற்பெருமை என்று எனக்குத் தோன்றவில்லை. நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

1980களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பிரின்ஸ் ஹூஸ்டனில் ராப்-எ-லாட் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்த மனிதர் அவர். அங்கு உருவான கெட்டோ பாய்ஸ் குழு பலமுறை ஆள் மாறி, கடைசியில் ஸ்கார்ஃபேஸ், வில்லி டி, புஷ்விக் பில் என்ற மூவராக நிலைத்தது. 1990-இல் இவர்களுடைய ஆல்பத்தை விநியோகிக்க கெஃபன் என்ற பெரிய இசை நிறுவனம் மறுத்துவிட்டது. வரிகளில் இருந்த கொடூரம்தான் காரணம். அந்த மறுப்பில் நியாயமே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். சில வரிகளை என்னால் இன்றும் கேட்க முடிவதில்லை.

அடுத்த ஆண்டு, 1991-இல், ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ வந்தது. தெருவே அஞ்சும் ஒருவன் இரவில் தூக்கம் வராமல் கிடக்கிறான். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று நடுங்குகிறான். அதுவரை ராப்பில் வீரம் உண்டு, கோபம் உண்டு, பகடி உண்டு, அரசியல் உண்டு. தன் மனம் தன்னை ஏமாற்றுகிறது என்று ஒரு முரடன் ஒப்புக்கொள்வது புதிது. ஸ்கார்ஃபேஸ் சிறுவயதிலேயே கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானவர். அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்தப் பாடல் அமெரிக்காவின் முதன்மைப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 23-ஆம் இடம் வரை போனது. அவுட்காஸ்டின் முதல் ஆல்பம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது.

அந்தப் பாடலின் அடியில் ஓடும் கிட்டார் இழை மெம்ஃபிஸின் சோல் இசை மேதை ஐசக் ஹேய்ஸுடையது. தெற்கத்திய ராப் நியூயார்க்கின் நகல் என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ராப் என்னும் வடிவம் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாவம், மரணம், தாயின் மன்றாட்டு, தேவாலயத்தின் ஆர்கன், புளூஸின் முனகல் எல்லாம் இந்த மண்ணில் முன்பே இருந்தவை. ஸ்கார்ஃபேஸின் 1994 ஆல்பமான ‘தி டைரி’ முழுவதும் சாவோடு பேசுகிற குரல்தான். அதை இழைத்தவர்களில் இருவர் என்.ஓ. ஜோவும் மைக் டீனும். முன்னவர் தேவாலயத்தில் இசைத்து வளர்ந்த நியூ ஆர்லியன்ஸ்காரர்.

என் வாதம் இதுதான்: நியூயார்க் கதவைச் சாத்தியதால் தெற்குக்குத் தனிச் சந்தையும் தனி ஒலியும் உருவாயின. 1995-இல் கதவு திறந்தபோது உள்ளே போனவர்கள் ஏற்கெனவே வெளியே வீடு கட்டிவிட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 ஹூஸ்டன்வாசி

நல்ல தொடக்கம், நண்பரே. நான் இந்த ஊரில் நெடுங்காலமாக வசிப்பவன் என்பதால் ஊரின் அமைப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அது இல்லாமல் ஹூஸ்டனின் இசை புரியாது.

இங்கே கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. நியூயார்க்கில் பாட்டு சுரங்க ரயிலில் காதுக்கருவி வழியே கேட்கப்பட்டது. அதில் சொல் முன்னால் நிற்கும். ஹூஸ்டனில் பாட்டு காருக்குள் கேட்கப்பட்டது. பின்பெட்டியில் பெரிய ஸ்பீக்கர்கள், நீண்ட நெடுஞ்சாலை, கோடை வெக்கை, மெதுவாக நகரும் வண்டி. பாஸ் ஒலி நெஞ்சில் இடிக்க வேண்டும், பாட்டு அவசரப்படக் கூடாது. இசைத்தட்டுகளைக் கலந்து ஒலிக்கவிடும் கலைஞரான டிஜே ஸ்க்ரூ செய்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். டெக்சஸின் ஸ்மித்வில்லில் 1971-இல் பிறந்தவர். இசைத்தட்டுகளின் வேகத்தைக் குறைத்து, சொற்களை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டி, கேசட்டில் பதிந்து தன் வீட்டிலேயே விற்றார். வாங்க வந்த கார்கள் தெருவில் வரிசை கட்டி நிற்கும். கூட்டம் தாங்காமல் 1998-இல் கடையே திறந்துவிட்டார். எந்த வானொலியும் அவரைத் தூக்கிவிடவில்லை. 2000 நவம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 29. அவருடைய இசைத்தட்டுத் தொகுப்பு இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அந்தக் கேசட்டுகளில் ‘பிக் ஃபிளாய்ட்’ என்ற பெயரில் பாடிய இளைஞர்தான், 2020-இல் மினியாபோலிஸில் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்த ஜார்ஜ் ஃபிளாய்ட்.

இங்கிருந்து கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் போர்ட் ஆர்தர் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஊர். யுஜிகே என்ற ராப் குழு அங்கிருந்து வந்தது. பன் பி, பிம்ப் சி என்ற இருவர். பிம்ப் சி-யின் தந்தை டிரம்பெட் கலைஞர். மகன் சேர்ந்திசையில் பயிற்சி பெற்றவர். தன் இசையை ஹிப்-ஹாப் என்று அழைக்காமல் ‘நாட்டுப்புற ராப் பாட்டு’ என்றே பிம்ப் சி சொல்லிவந்தார். 1996-இல் வந்த அவர்களுடைய ‘ரைடின் டர்ட்டி’ ஆல்பத்திலிருந்து ஒரு தனிப்பாடல்கூட வெளியிடப்படவில்லை, ஒரு காணொளிகூட எடுக்கப்படவில்லை. அப்படியிருந்தும் கோல்டு விற்பனைச் சான்று பெற்றது. எப்படி என்று கேட்டால் பதில் எளிது: தெற்கின் சிற்றூர்களில் இருந்த இசைத்தட்டுக் கடைகள், முடிதிருத்தகங்கள், கார்களின் பின்பெட்டிகள். சவுத்வெஸ்ட் ஹோல்சேல் போன்ற உள்ளூர் மொத்த விற்பனையாளர்கள் இந்தக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பினார்கள். அடித்தாளம் சொன்ன ‘வெளியே கட்டிய வீடு’ இதுதான்.

#3 செந்நிலம்

இருவருடைய பதிவுகளும் அருமை. ஆனால் 1995-ஐ இப்படி ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கெட்டோ பாய்ஸ் முந்தி வந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களை நாடு ஓர் அதிர்ச்சியாகத்தான் பார்த்தது, ஒரு பகுதியின் குரலாகப் பார்க்கவில்லை. 1991 ஆல்பத்தின் அட்டைப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணில் குண்டு பாய்ந்த புஷ்விக் பில்லை மருத்துவமனைத் தள்ளுபடுக்கையில் வைத்து எடுத்த புகைப்படம். அதைப் பார்த்தவர்கள் அந்த மூன்று ஆட்களைப் பற்றிப் பேசினார்கள். தெற்கு என்ற ஒன்றைப் பற்றி யார் பேசினார்கள்?

அந்தப் பேச்சைக் கொண்டுவந்தது அட்லாண்டா. லேக்வுட் ஹைட்ஸில் ரிக்கோ வேடின் தாயார் வீட்டு நிலவறை. தரையில் சிமெண்ட் கூடப் போடாமல் ஜார்ஜியாவின் செம்மண் அப்படியே கிடந்த அறை; ‘டஞ்சன்’ என்று பெயர். ரிக்கோ வேட், ரே மரே, ஸ்லீப்பி பிரவுன் மூவரும் ஆர்கனைஸ்டு நாய்ஸ் என்ற பெயரில் அங்கே இசையமைத்தார்கள். அவுட்காஸ்ட் அங்கே வளர்ந்தது, குடி மாப் என்ற ராப் குழுவும் அங்கே வளர்ந்தது. 1995-இலேயே வந்த குடி மாப்பின் முதல் ஆல்பத்தில்தான் ‘டர்ட்டி சவுத்’ என்ற பெயர் பாடலாக ஒலித்தது. பிறகு அதுவே முழுப் பகுதியின் அடையாளமாகிவிட்டது. ரிக்கோ வேட் 2024 ஏப்ரலில் 52 வயதில் மறைந்தபோது, எனக்குப் பிடித்த பாதிப் பாடல்களின் கருவறை அந்த மண்தரை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அட்லாண்டாவுக்கு இந்தப் பொறுப்பு வந்ததற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். ஹிப்-ஹாப்பை உருவாக்கிய நியூயார்க் பிள்ளைகள் பலருடைய தாத்தா பாட்டி கரோலினாக்காரர்கள், ஜார்ஜியாக்காரர்கள். 1970களில் அந்த ஓட்டம் திசை மாறியது. பேரப்பிள்ளைகள் தெற்குக்குத் திரும்பத் தொடங்கினார்கள், பெரும் பங்கு அட்லாண்டாவுக்கு. வடக்கின் காதும் தெற்கின் நாக்கும் ஒரே நகரத்தில் சேர்ந்தன. அந்த விருது அரங்கில் கூச்சலிட்டவர்கள் தங்கள் பாட்டியின் பேச்சு வழக்கைக் கேட்டுத்தான் கூச்சலிட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

பின்னாளில் 2004-இல் அவுட்காஸ்ட் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அந்த வழியின் முதல் கல் 1995-இல்தான் போடப்பட்டது.

#4 சட்டப்புள்ளி

வேர் என்று பேசத் தொடங்கினால் மயாமியை எப்படி விட்டீர்கள்?

மயாமியின் 2 லைவ் க்ரூ குழுவின் பாடல்களைப் பரிந்துரைக்க நான் வரவில்லை. பெரும்பாலானவை பச்சையான ஆபாசம். ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு ராப் கலைஞரும் இன்று அனுபவிக்கும் சட்டப் பாதுகாப்பின் ஒரு பகுதியைச் சண்டையிட்டு வாங்கித் தந்தவர் அந்தக் குழுவின் தலைவர் லூதர் கேம்பெல் என்ற தெற்கத்தியர்.

1990 ஜூனில் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அவர்களுடைய 1989 ஆல்பத்தை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் அடுத்த சில நாட்களுக்குள் கைதானார். பாடியதற்காகக் குழுவினரும் கைதானார்கள்; அக்டோபரில் ஜூரி அவர்களை விடுவித்தது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அசல் தீர்ப்பை ரத்து செய்தது. இத்தோடு முடியவில்லை. ராக் பாடகர் ராய் ஆர்பிசனின் புகழ்பெற்ற பாடல் ஒன்றை அவர்கள் பகடி செய்ததற்காகத் தொடரப்பட்ட பதிப்புரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வணிக நோக்கத்தில் செய்த பகடியும் நியாயமான பயன்பாடாக, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடாக, இருக்கலாம் என்று 1994-இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் அந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

நீதிமன்றப் படியேறி, சொந்த நிறுவனத்தை வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் ஊர் ஊராக விற்கும் முறையை ஹூஸ்டனுக்கு முன்பே மயாமி செய்து காட்டிவிட்டது. கிளைக்கு உரிமை கொண்டாடுபவர்கள் அதிகம். வேருக்கு உரிய மரியாதையை இந்த ஆபாசப் பாடகர்களுக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

#5 அடித்தாளம்

சட்டப்புள்ளி, நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ‘மயாமி பாஸ்’ என்ற அதிரும் ஒலிப் பாணி இல்லாமல் அட்லாண்டாவின் நடனப் பாடல்களும் இல்லை.

செந்நிலம், உங்களுக்கு ஒரு பதில். 1991-இல் இன்னொன்றும் நடந்தது. பாடல் எதுவும் சம்பந்தப்படாத ஒன்று. அதுவரை பில்போர்டு தரவரிசை, கடைக்காரர்கள் தொலைபேசியில் சொன்ன கணக்கை நம்பித்தான் தயாரானது. எது நன்றாக விற்கிறது என்று கடையில் இருப்பவர் தன் எண்ணத்தைச் சொல்வார். அந்த ஆண்டு மே மாதம் முதல் சவுண்ட்ஸ்கேன் என்ற கணக்கெடுப்பு முறை வந்தது. கல்லாவில் பட்டைக்குறி படிக்கப்படும்போதே விற்பனை பதிவாகியது. ராப்பும் கண்ட்ரி இசையும் உண்மையில் எவ்வளவு விற்கின்றன என்று நியூயார்க்கின் அலுவலகங்களுக்கு முதன்முறையாகத் தெரிந்தது. மேடைப் பேச்சைக் கேட்டு மனம் மாறிய முதலாளியைவிட, அந்தக் கணக்கைப் பார்த்து விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு தெற்கே வந்த முதலாளிகள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆந்த்ரேயின் சொல் பெரியது, அதைக் குறைக்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் விற்பனைக் கணக்கு இருந்ததால்தான் அது காற்றில் கரையவில்லை.

#6 தவில்பித்தன்

ஐசக் ஹேய்ஸின் பெயர் வந்தது, மெம்ஃபிஸின் ராப் வரவில்லையே! தாளத்தைப் பற்றிப் பேச என்னை அனுமதியுங்கள்.

இன்று உலகம் முழுவதும் டிராப் என்ற பெயரில் கேட்கும் ராப்பில் ஒரு நடை உண்டு: ஓர் அடிக்கு மூன்று அசைகள், தகிட தகிட தகிட தகிட என்று. நமக்குத் தெரிந்த திஸ்ரம்தான். 2013-இல் அட்லாண்டாவின் மிகோஸ் குழு அதைப் பிரபலமாக்கியது. ஆனால் 1990களின் தொடக்கத்திலேயே மெம்ஃபிஸில் த்ரீ 6 மாஃபியா குழுவின் லார்ட் இன்ஃபமஸ் அந்த நடையில் பாடிக்கொண்டிருந்தார். மலிவான கருவிகளில் பதிந்து, இரைச்சலோடு விற்ற கேசட்டுகள் அவை. இருண்ட, பேய்க்கதை போன்ற அந்த ஒலியை 1995-இல் யாரும் பொருட்படுத்தவில்லை. 2006 மார்ச்சில் அதே குழு ஆஸ்கர் மேடையில் சிறந்த பாடலுக்கான விருதை வாங்கியது. ஆஸ்கர் வென்ற முதல் ராப் குழு அதுதான்.

ரோலண்டு 808 தாள இயந்திரத்தின் கதையும் இதில் சேர வேண்டும். 1980-இல் ஜப்பானில் சந்தைக்கு வந்து, உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலரும் குறை சொல்ல, 1983-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் பாஸ் டிரம்மை நீட்டி அதிரவிட்டால் கார் கதவு நடுங்கும் என்பதை மயாமி கண்டுகொண்டது. பிறகு மெம்ஃபிஸ், அட்லாண்டா என்று அது பரவியது.

இன்னொன்று. நியூயார்க்கின் குயின்ஸில் ஷோபாய்ஸ் என்ற குழு 1986-இல் ‘டிராக் ராப்’ என்று ஒரு பாடலை வெளியிட்டது. சொந்த ஊரில் அது எடுபடவில்லை. மெம்ஃபிஸும் நியூ ஆர்லியன்ஸும் அதை வாரி எடுத்துக்கொண்டன. நியூ ஆர்லியன்ஸின் பவுன்ஸ் இசைக்கு அந்தத் தாளம் முதுகெலும்பாகிவிட்டது. இன்றும் அதை வெட்டி ஒட்டிப் புதுப் பாடல் செய்கிறார்கள். தெற்கு வடக்கை வெறுத்தது என்பதே தவறு. வடக்கே மறந்ததையும் எடுத்து ஆடிப் பார்த்த ஊர்கள் இவை.

#7 யாழ்நங்கை

இவ்வளவு நேரம் படித்தேன். ஒரு பெண்ணின் பெயரைக்கூடக் காணோம்.

இந்த இசையை நான் நேசிக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். கெட்டோ பாய்ஸின் வரிகளைக் ‘கொடூரம்’ என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். அந்தக் கொடூரம் யார் உடலின்மீது நடந்தது என்பதையும் எழுதியிருக்க வேண்டும். யுஜிகே, 2 லைவ் க்ரூ, நியூ ஆர்லியன்ஸின் கேஷ் மனி நிறுவனம் என்று பட்டியல் முழுவதும் இதே கதைதான். தெற்கின் ஏழைத் தெருக்களின் வலியைச் சொன்னார்கள் என்கிறோம். அதே தெருக்களில் வாழ்ந்த பெண்களுடைய வலியைச் சொல்ல வேறு குரல்கள் தேவைப்பட்டன.

அந்தக் குரல்கள் இருந்தன. நியூ ஆர்லியன்ஸில் மியா எக்ஸ். மெம்ஃபிஸில் கேங்ஸ்டா பூ. த்ரீ 6 மாஃபியாவின் ஆண்களுக்கு நடுவில் நின்று அவர்களைவிடக் கூர்மையாகப் பாடியவர், 2023-ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார். மயாமியில் டிரினா. விர்ஜினியாவின் போர்ட்ஸ்மத்திலிருந்து மிஸ்ஸி எலியட்; பாட்டும் எழுதுவார், தயாரிப்பும் செய்வார். பாடலாசிரியர்களின் புகழ் மண்டபத்தில் 2019-இல் இடம்பெற்ற முதல் ராப் பெண் அவர். ஹூஸ்டனின் மேகன் தி ஸ்டாலியன் 2021-இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி வாங்கினார். அவருடைய தாயும் ராப் பாடியவர். மேகன் தனக்கு முன்னோடியாகச் சொல்வது யாரை? பிம்ப் சி-யை. பெண்களை அப்படிப் பாடிய ஒருவரின் மிடுக்கை ஒரு பெண் எடுத்துத் தனதாக்கிக்கொண்டார். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதும் வரலாறு பாதி வரலாறுதான்.

நம் மக்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், ஈழத்தமிழர் குடும்பத்தில் வந்தவர். அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் மறுகலவை ஒன்றில் போர்ட் ஆர்தரின் பன் பி-யும் அலபாமாவின் ரிச் பாயும் பாடினார்கள். 2008-இல் அதே பாடலிலிருந்து எடுத்த அவருடைய குரல், அட்லாண்டாவின் டி.ஐ. வெளியிட்ட ஒரு பாடலின் அச்சாணியானது. ஜே-ஸி, கன்யே வெஸ்ட், லில் வெய்ன் மூவரும் அதில் பாடினார்கள். அடுத்த ஆண்டு கிராமி மேடையில் அந்த நால்வருக்கு நடுவே நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று அவர் பாடியதை நேரலையில் பார்த்தேன். என் கண்கள் நிறைந்துவிட்டன.

#8 பழைய கேசட்

யாழ்நங்கை எழுதியது தேவையான பதிவு. ‘தனிச் சந்தை’, ‘சொந்த வீடு’ என்ற பெருமிதத்தைப் பற்றி நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருந்தது?

நோ லிமிட் என்ற ராப் நிறுவனத்தின் மாஸ்டர் பி, நியூ ஆர்லியன்ஸில் பிறந்து கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். 1996-இல் பிரியாரிட்டி நிறுவனத்தோடு அவர் செய்த ஒப்பந்தத்தில் மூலப்பதிவுகளின் உரிமை அவரிடமே இருந்தது, வருவாயில் 85 சதவீதமும் அவருக்கே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கேஷ் மனியின் வில்லியம்ஸ் சகோதரர்கள் 1998-இல் யுனிவர்சல் என்ற பெரிய இசை நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு 3 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அங்கும் மூலப்பதிவுகள் அவர்கள் கையில். கறுப்பினத் தொழில்முனைவோர் வெள்ளைக்காரப் பெருநிறுவனங்களைப் பணியவைத்த வரலாறு என்று இதைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் ஒலிவாங்கியின் முன் நின்றவருக்கு என்ன கிடைத்தது? சிறுவனாக கேஷ் மனிக்கு வந்த லில் வெய்ன், 2008-இல் ஒரே வாரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற ஆல்பத்தைக் கொடுத்தார். 2015-இல் அதே நிறுவனத்தின்மீது 5 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அது 2018-இல் சமரசத்தில் முடிந்தது. அந்த வீட்டில் பல கலைஞர்கள் குடியிருந்தார்கள், வாடகையும் கொடுத்தார்கள். தெற்கின் எழுச்சியைப் பற்றி மூத்தவர்கள் திரும்பிப் பார்க்கும்போது அவர்கள் குரலில் பெருமையோடு கசப்பும் கலந்திருப்பதற்கு நியூயார்க் மட்டும் காரணமில்லை.

#9 அடித்தாளம்

யாழ்நங்கை, உங்கள் பதிவை என் முதல் பதிவோடு சேர்த்தே இனி படிக்க வேண்டும்.

பழைய கேசட், உங்கள் கேள்வி சரியான கேள்வி. நிறுவனத்தின் சுதந்திரம் வேறு, கலைஞரின் சுதந்திரம் வேறு. ஸ்கார்ஃபேஸின் பிற்கால வாழ்க்கை இதற்கு ஓரளவு விடை சொல்கிறது. 2000-ஐ ஒட்டி நியூயார்க்கின் டெஃப் ஜாம் நிறுவனம் தெற்குக்கென்று ஒரு கிளை திறந்து அவரைத் தலைவராக்கியது. பத்து ஆண்டுகளுக்கு முன் கெஃபன் விநியோகிக்கவே கூசிய குரலைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். அவர் அங்கே ஒப்பந்தம் செய்தவர்தான் அட்லாண்டாவின் லுடாக்ரிஸ். 2002-இல் வந்த ஸ்கார்ஃபேஸின் ‘தி ஃபிக்ஸ்’ ஆல்பத்தில் நியூயார்க்கின் ராப் பாடகர்கள் ஜே-ஸியும் நாஸும் பாடினார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பகிரங்கமாகத் தாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே ஆல்பத்தில் இரண்டு பேரும் வந்தார்கள் என்றால் அது ஹூஸ்டன்காரருக்குக் கிடைத்த மரியாதை. சோர்ஸ் இதழ் அந்த ஆல்பத்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை அதிகம் தொட்டது. 2019-இல் ஹூஸ்டன் மாநகர சபையின் டி வட்டாரத்துக்குப் போட்டியிட்டு, இரண்டாம் சுற்று வரை போய்த் தோற்றார். அடுத்த ஆண்டு கொரோனா தொற்று அவருடைய சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. 2021-இல் மகன் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். 2023 டிசம்பரில் அமெரிக்கப் பொது வானொலியின் ‘டைனி டெஸ்க்’ நிகழ்ச்சியில் இசைக்குழுவோடு பாடினார். பழைய கூட்டாளி மைக் டீன் உடன் இருந்தார். மரணத்தைப் பற்றி இருபது வயதில் எழுதிய வரிகளை, மரணத்தை அருகில் பார்த்துவிட்டு வந்தவர் பாடுகிறார். குரலில் அவசரமே இல்லை. கண்டிப்பாகப் பாருங்கள்.

பன் பி-யும் ஊரைவிட்டுப் போகவில்லை. 2011-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மதமும் ஹிப்-ஹாப்பும் பற்றிய பாடத்தை ஒரு பேராசிரியரோடு சேர்ந்து நடத்தினார். பிம்ப் சி 2007 டிசம்பரில் இறந்த பிறகு, அந்தப் பெயரை ஒவ்வொரு மேடையிலும் சுமந்துகொண்டிருப்பவர் அவர்தான்.

#10 புதுச்செவி

அனைவருக்கும் நன்றி. நான் இதுவரை டிராப் பாடல்கள் சிலவற்றை மட்டுமே கேட்டிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? வரிகள் வேகமாகப் போனால் எனக்குப் புரிவதில்லை.

#11 அடித்தாளம்

ஆண்டு வரிசையில் போக வேண்டாம். முதலில் ஸ்கார்ஃபேஸின் ‘தி டைரி’. அவருடைய உச்சரிப்பு தெளிவானது, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். பிறகு அவுட்காஸ்டின் 1998 ஆல்பமான ‘அக்வெமினி’. இசைக்கருவிகளின் செழிப்புக்காகவே கேட்கலாம். அதன்பின் யுஜிகேயின் ‘ரைடின் டர்ட்டி’. அதை மட்டும் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதி இசை காணாமல் போய்விடும். மிஸ்ஸி எலியட்டின் 1997 முதல் ஆல்பத்தையும் இந்த வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். டிஜே ஸ்க்ரூவை இரவில் காரில் போகும்போது கேளுங்கள். கெட்டோ பாய்ஸின் முழு ஆல்பங்கள் கடைசியாக இருக்கட்டும். யாழ்நங்கை சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தவில்பித்தன், மெம்ஃபிஸ் கேசட்டுகளுக்கு நீங்கள் ஒரு பட்டியல் தர வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் பவுன்ஸுக்குத் தனி விவாத இழை தொடங்குவது நல்லது, இங்கே இடம் போதாது.

#12 தவில்பித்தன்

பவுன்ஸுக்கான இழையை வார இறுதியில் தொடங்குகிறேன். மெம்ஃபிஸுக்கு முதலில் 8பால், எம்ஜேஜி என்ற இருவரின் 1993 ஆல்பத்தைக் கேளுங்கள், புதுச்செவி. மெதுவான பாட்டு, சொற்கள் தெளிவாக விழும். மெம்ஃபிஸ்காரர்கள்தான், ஆனால் அதை வெளியிட்டது ஹூஸ்டனில் இயங்கிய ஒரு சிறு நிறுவனம். ஹூஸ்டன்வாசி அதைப் பற்றி எழுதினால் மகிழ்வேன்.